வவ்வாலைப் படித்தாலும் டாக்டர் ஆகலாம்!

பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் 'டாக்டர்' என்பீர்கள். ஊசி போடாத டாக்டர்களும் உண்டு, தெரியுமா? ஒரே விஷயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினால், பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரும். அவர்களும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வார்கள். வவ்வால் எழுப்பும் ஒலியை ஆராய்ந்தும் அந்தப் பட்டம் வாங்கலாம். சிரிக்காதீர்கள்! இதில் நம் நாட்டில் செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது.

முதலில் அந்த ஒலியைப் பார்ப்போம். வவ்வாலுக்குக் கண் தெரியாது என்பது தவறு. ஆனால், பூச்சி தின்னும் சின்ன வவ்வால்கள் இருட்டில் காதைத்தான் நம்புகின்றன. வாயாலோ மூக்காலோ அவை எழுப்பும் ஒலி, எதிரே இருக்கும் பூச்சியின் மீது பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளிப் பறக்கும் அந்துப்பூச்சியிடமிருந்து எதிரொலி வர, ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கி அதில் ஆறு பங்கு நேரம் போதும். அதை வைத்தே தூரம் தெரிந்துகொள்கிறது! நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பெரும்பாலான வவ்வால்களின் ஒலி அதற்கும் மேலே. அதனால்தான் தெருவிளக்கைச் சுற்றும் வவ்வால் நமக்கு ஊமை போலத் தோன்றுகிறது. ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வேறு. அது கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்கிறது.

இதைக் கண்டுபிடித்ததும் மாணவர்கள்தான். 1938 இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்த டொனால்டு கிரிஃபின், கூண்டு நிறைய வவ்வால்களைத் தூக்கிக்கொண்டு பியர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியரிடம் போனார். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவி அவரிடம் இருந்தது. அமைதியாக இருந்த கூண்டு, கருவியில் ஒரே இரைச்சல்! பிறகு கிரிஃபினும் அவருடைய நண்பர் ராபர்ட் கலம்போஸும் வவ்வாலின் காதை அடைத்துப் பார்த்தார்கள், வாயைக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் அது தொங்கவிட்ட கம்பிகளில் முட்டிக்கொண்டது. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, பெரிய விஞ்ஞானி ஒருவர் நம்ப முடியாமல் கலம்போஸின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாராம்.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னும் என்ன பாக்கி என்கிறீர்களா?

இந்தியாவில் சுமார் 130 வகை வவ்வால்கள் உள்ளன. பூச்சி தின்னும் வகைகள் எழுப்பும் ஒலி வகைக்கு வகை மாறும். எந்த ஒலி எந்த வவ்வாலுடையது என்று தெரிந்தால், ஒன்றைக்கூடப் பிடிக்காமல், காட்டில் ஒரு பதிவுக் கருவியை வைத்தே கணக்கெடுத்துவிடலாம். ஐரோப்பாவில் அந்தப் பட்டியல் பெரிய அளவில் தயாராக இருக்கிறது. நம் நாட்டில் பல வகைகளின் ஒலியை இன்னும் சரியாகப் பதிவு செய்யவே இல்லை. அவர்கள் பட்டியலை இங்கே பயன்படுத்துவது, வேறு பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து நம் வகுப்பில் பெயர் கூப்பிடுவது போலத்தான்!

நம் வால்பாறையில் ஆய்வு செய்ய இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். அவரும் குழுவினரும் 15 வகைகளின் ஒலியைப் பதிவு செய்து 2014 இல் வெளியிட்டனர். மரநிழலில் வளரும் காப்பித் தோட்டம் வவ்வால்களுக்கு ஏறக்குறைய காடு மாதிரி, வெட்டவெளித் தேயிலைத் தோட்டம் அப்படியில்லை என்பதும் தெரிந்தது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு இன்னும் சுவையானது. கர்நாடக மலைக்காட்டில் பெரிய காதுள்ள ஒரு வவ்வால், இலை போன்ற பச்சை வெட்டுக்கிளிகளைத் தின்கிறது. ஆண் வெட்டுக்கிளி இரவெல்லாம் பாடும், பெண் பாடாது. யார் அதிகம் மாட்டுவார்? பாடுகிறவர்தான் என்று நானும் நினைத்தேன். வவ்வால் தின்றுவிட்டுக் கீழே போட்ட இறக்கைகளைப் பொறுக்கிப் பார்த்தால், பெண்தான் அதிகம்! பாடும் ஆணைத் தேடிப் பறந்து போகிற வழியில் அவை மாட்டிக்கொள்கின்றன. 2015 இல் வெளிவந்த முடிவு இது.

இந்த வேலைக்கு ஏன் அவசரம்? 2020 ஏப்ரலில், தமிழ்நாடு உள்பட சில மாநிலங்களின் வவ்வால்களில் ஒரு வகைக் கொரோனா வைரஸ் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தெரிவித்தது. அது மனிதருக்குக் கோவிட் தந்த வைரஸ் அல்ல. ஆனாலும் பயந்துபோன மக்கள் சில இடங்களில் வவ்வால்களை விரட்டினார்கள். ஆராய்ச்சியாளர்கள் கூடி அறிக்கை விட வேண்டியிருந்தது. பழைய கோபுரம், மண்டபம், குகை என்று வவ்வால் குடியிருக்கும் இடங்களும் குறைந்து வருகின்றன. எந்த வகை அங்கே இருந்தது என்று எழுதி வைப்பதற்குள் இடமே போய்விட்டால், பிறகு கேட்டு என்ன பயன்?

வழி இதுதான்: பிளஸ் 2 வில் அறிவியல், பிறகு விலங்கியல், இயற்பியல் போன்ற ஒன்றில் இளநிலை, முதுநிலைப் பட்டம். ஓர் இரவில் கருவி ஆயிரக்கணக்கான ஒலிகளைப் பதிவு செய்துவிடும் என்பதால் கணினியும் தெரிய வேண்டும். அடுத்து மத்திய அரசின் 'நெட்' தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 தருகிறார்கள். 'வவ்வாலைப் பார்த்தால் சோறு கிடைக்குமா' என்று அப்பா கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று பொழுது சாயும்போது வாசலில் நின்று, முதல் வவ்வால் எத்தனை மணிக்கு வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். ஒரு மாதம் குறித்தால் நேரம் மெல்ல நகர்வது தெரியும். தரையில் வவ்வால் விழுந்து கிடந்தால் மட்டும் கையால் தொடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.