கறை துடைக்கும் முன்கதைகள்

மாதவரத்தில் என் அறைக்கு அடிக்கடி வரும் இளம் நண்பர் ஒருவர் மாயாலோக நாவல் எழுதுகிறார். சென்ற மாதம் நாயகனின் முன்கதையை மட்டும் ஒரு நோட்டுப்புத்தகம் நிறைய எழுதிவந்து வாசித்தார். நாயகன் எல்ஃப்: கூர்ந்த காதும் முடிவற்ற ஆயுளும் கொண்ட இனம். ராஜவம்சத்தில் பிறந்தவன், பகைவர்கள் அரண்மனையை எரிக்க, காட்டில் விடப்பட்டு வேடர்களால் வளர்க்கப்பட்டவன். நாற்பது பக்கங்களில் அவனுக்கு எல்லாம் நேர்கிறது. அவன் எதையும் செய்யவில்லை.

இது நமக்குப் புதிய கதையல்ல. எங்கள் தெருவில் லாரிகள் திரும்பும் முனையில் நிற்கும் மதுரை வீரனுக்கும் இதேதான். காசி ராஜாவின் மகனாம். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாதென்று காட்டில் விட்டார்களாம். அருந்ததியத் தம்பதி எடுத்து வளர்த்தார்களாம். அவன் பொம்மியை அழைத்துப் போனதும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதும் அவன் செய்கைகளால் வந்தவை. அரச பிறப்பு பின்னால் ஒட்டியது என்றே நான் படிக்கிறேன். அருந்ததியர் வீட்டுப் பிள்ளை நாயக்கர் வீட்டுப் பெண்ணை மணந்ததைச் சாதிச் சமூகத்தால் செரிக்க முடியவில்லை. பிறப்பை மாற்றியதும் செரித்துவிட்டது. 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இந்தப் பிறப்பைக் கைவிடவில்லை.

"அது நாட்டார் கதை சார், நான் டோல்கீன் வழி" என்றார் நண்பர். சரி, டோல்கீனையே பார்ப்போம்.

1954-55-இல் வெளியான 'மோதிரங்களின் தலைவன்' நாவலில் கலாட்ரியல் என்ற எல்ஃப் அரசி வருகிறாள். சர்வ வல்லமை தரும் மோதிரம் அவளுக்கு வலிய நீட்டப்படுகிறது, மறுக்கிறாள். அவளுடைய கடந்தகாலத்தை டோல்கீன் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். அவர் இறந்தபின் 1977-இல் மகன் கிறிஸ்டோபர் வெளியிட்ட 'சில்மரில்லியன்' நூலில், தனக்கென்று ஒரு ராஜ்யத்தை ஆள விரும்பி, தேவர்களின் சொல்லை மீறிப் புறப்பட்ட கூட்டத்தில் அவள் ஒருத்தி. ஆனால் 1973 ஆகஸ்டில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன், டோல்கீன் அவளை அந்தக் கலகத்திலிருந்து முற்றாகப் பிரித்துக் கறையற்றவளாக்கினார். 1980-இல் வந்த 'முடிவுறாக் கதைகள்' தொகுப்பில் கிறிஸ்டோபர் இதைப் பதிவுசெய்திருக்கிறார். கத்தோலிக்கரான டோல்கீன், அவளில் மரியாளின் சாயல் உண்டென்று 1971-இலேயே ஒப்புக்கொண்டவர்.

இதில் நஷ்டம் யாருக்கு? ஒரு காலத்தில் அதிகாரத்துக்கு ஆசைப்பட்டு வீட்டைவிட்டு வெளியேறியவள் பல யுகங்களுக்குப் பின் அதே அதிகாரத்தை மறுக்கிறாள் என்றால், அது வெற்றி. கறையே இல்லாதவள் மறுப்பது வெறும் நல்லொழுக்கம். அங்கே பக்தி செய்த காரியத்தை இங்கே சாதி செய்தது. இரண்டும் ஒன்றல்ல, கலாட்ரியலுக்குக் கோயிலுக்கு வெளியே நிற்கவேண்டிய உறவினர் எவருமில்லை. ஆனால் உத்தி ஒன்றுதான்: செய்கையைத் தாங்க முடியாதபோது பூர்வத்தைத் திருத்துவது.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. ராயபுரத்துத் துறைமுகக் கூலி ஒருவனைப் பற்றி எழுதிய என் முதல் கதையில், அவன் இரவில் தனியே உட்கார்ந்து யோசிக்கிறான். அந்த யோசனையை வாசகன் நம்பவேண்டுமே என்று, நொடித்துப்போன வாத்தியார் குடும்பத்தில் அவனைப் பிறக்கவைத்தேன். கூலிக்குப் பிறந்த கூலி யோசிப்பான் என்று நம்பாதவன் வாசகனல்ல, நான். அந்தக் கதையை நாலு பேர் பாராட்டினார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவேதான் நண்பரைக் கேட்டேன்: சாவில்லாதவன் என்கிறீர்களே, அவன் செய்த, அவனால் மறக்க முடியாத ஒரு காரியம் உண்டா? மனிதனுக்கென்றால் சாவோடு அவமானம் முடிந்துவிடும். அவனுக்கு அந்த வசதி கிடையாது. எல்ஃபை எழுத வேறென்ன காரணம் வேண்டும்? வம்சம் வேண்டாம், எரிந்த அரண்மனை வேண்டாம். அந்த ஒரு காரியத்தை ஒரு பக்கத்தில் எழுதிவாருங்கள் என்றேன்.

நண்பர் நோட்டை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார். இன்னும் வரவில்லை. வந்தால், துறைமுகக் கதையைத் திருத்தி எழுதிய பிரதியை அவரிடம் காட்டவேண்டும். அதில் வாத்தியார் குடும்பம் இல்லை.