கூட்டு மருந்தும் கூட்டு வணிகமும்

நீரிழிவு முற்றும்போது கால் நரம்புகள் சிதைகின்றன. முதலில் எரிச்சலும் குத்தலும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. பின்னர் உணர்ச்சியே மங்கிவிடுகிறது. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் கொழுந்து பறிப்பவரும் சித்தூர் வயற்சேற்றில் நிற்பவரும் காலில் பட்ட காயத்தை அறியாமலே நாள் முழுதும் உழைக்கின்றனர்.

வலிக்கு ஒரு மருந்து போதாதபோது மற்றொன்றைச் சேர்ப்பது அறிவியலுக்கு உகந்ததே. 130 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பிரிட்டன் ஆய்வு 2022இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின் ஆகியவற்றுள் எதில் தொடங்கினாலும், தேவைப்பட்டோர்க்கு இன்னொன்றைச் சேர்த்ததில், 16 வாரங்களில் சராசரி வலி பாதியளவாகக் குறைந்தது.

அங்கே மருத்துவர் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே அளந்து கொடுத்தார். நம் சந்தையோ பிரிகாபலினை வைட்டமினோடும் பிற மருந்துகளோடும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்கிறது. சிறுநீரகம் பழுதுற்றவருக்குப் பிரிகாபலினைக் குறைத்தாக வேண்டும். ஒட்டிய மாத்திரையில் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது?

2016 மார்ச்சில் ஒன்றிய அரசு 344 கூட்டு மாத்திரைகளைத் தடை செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின. உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2018 செப்டம்பரில்தான் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தது. வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்குமாறு ஹாத்தி குழு 1975இலேயே பரிந்துரைத்தது; அது இன்னும் ஏட்டளவில்தான் உள்ளது.

எல்லையோரக் குடும்ப சுகாதார மையங்களில் இம்மருந்துகள் தனித்தனியாக, பொதுப்பெயரில், தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை நடக்க வேண்டும். விளக்கம் தமிழில் அமைய வேண்டும். இக்கோரிக்கைகளைக் கிளைகள்தோறும் விவாதித்து உள்ளாட்சி மன்றங்களில் எழுப்புவது நம் கடமை.