வேட்டிக்கு அடைத்த கதவு

சென்னைச் சேப்பாக்கத்து மட்டைப்பந்து அரங்கிற்கு மு. அ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் அரண்மனைக்கு உரியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-இல் நிறுவியவரும், 1943-இல் தமிழிசைச் சங்கம் கண்டவருமான அண்ணாமலை அரசரின் மைந்தர். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்க வேண்டுமென்று பொருளை வாரி வழங்கிய குடியின் பெயர் பொறித்த அவ்வரங்கின் வளாகத்தில்தான், 2014-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11-ஆம் நாள், வேட்டி உடுத்து வந்த தமிழர் ஒருவர் வாயிலில் நிறுத்தப்பட்டார்.

வந்தவர் வழி தவறி வந்தவர் அல்லர். சென்னை உயர்நயன்மன்ற நடுவர் அரிபரந்தாமன். தமிழ்நாட்டு மட்டைப்பந்துச் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவிற்கு அழைப்பின்பேரில் வந்தவர். கிளப்பின் உடைவிதிக்கு வேட்டி ஒவ்வாதென்று கூறி அவரைத் திருப்பிவிட்டனர். அவரைப் போலவே வேட்டியில் வந்த வழக்கறிஞர் இருவர்க்கும் அதே நிலைதான். நாட்டின் சட்டத்திற்குப் பொருள் கூறும் இருக்கையில் அமர்ந்தவர்க்கு, ஒரு கிளப்பின் சட்டப்புத்தகத்தின்முன் நிற்கவும் இடமில்லாது போயிற்று.

கிளப்பு என்னும் அயற்சொல் இங்கு வேண்டுமென்றே ஆளப்படுகிறது. மன்றம் என்பது ஊரார் கூடும் பொதுவிடத்திற்குத் தமிழர் இட்ட பெயர். யாரைச் சேர்ப்பது என்பதைவிட யாரைச் சேர்க்காது விடுவது என்பதையே முதற்கவலையாகக் கொண்டதோர் இடத்திற்கு அப்பெயரைத் தருவதற்கில்லை. அயலான் கொண்டுவந்த பொருள் அயலான் பெயரோடேயே இருக்கட்டும்.

அவ்வாறு கொண்டுவந்தவன் எதற்காகக் கொண்டுவந்தான் என்பதைச் செட்டிநாட்டார் நன்கறிவர். கடல் கடந்து இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கைக்கும் சென்ற நகரத்தார், கிட்டங்கியில் பாய் விரித்துப் பெட்டியடியில் அமர்ந்து, இடையில் வேட்டியும் தோளில் துண்டுமாகவே கோடிகளைக் கணக்கெழுதினர். 1938-ஆம் ஆண்டளவில் கீழ்ப்பருமாவின் தலைமையான நெல்விளை மாவட்டங்களில், பயிர்நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. (அந்நிலத்தை இழந்த பருமிய உழவனின் கண்ணீர் வேறொரு கணக்கு, அதனையும் ஒருநாள் எழுதத்தான் வேண்டும்.) வெள்ளை வணிகர் ஏற்றுமதி செய்த அரிசியெல்லாம் விளைந்தது பெரும்பாலும் அவ்வேட்டிக்காரர் கொடுத்த கடனில்தான். ஆயினும் அதே இரங்கூனில் வெள்ளையர் நிறுவிய பெகு கிளப்பில் ஆசியர் எவர்க்கும் உறுப்புரிமை இல்லை. பருமாவில் காவல்துறை அலுவலராயிருந்த ஆர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1934-இல் வெளியிட்ட புதினம், வெள்ளையர் கிளப்பொன்றில் ஆசியர் ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாவா என்னும் பூசலையே சுற்றி வருகிறது. அவ்வொரு கேள்வி ஒரு புதினத்தையே தாங்கும் அளவிற்கு அவர்களுக்குப் பெரிதாயிருந்திருக்கிறது.

சென்னையிலும் இதே கதைதான். சென்னைக் கிளப்பு 1832-இல் தோன்றியது. 1947-க்குப் பின்னும் ஆண்டுகள் பல கடந்தே இந்தியர் அதன் உறுப்பினராயினர். 1846-இல் தோன்றிய சென்னை மட்டைப்பந்துக் கிளப்பும் வெள்ளையர்க்கே உரியது. சேப்பாக்கத்தில் அவர்களோடு ஆடச் சென்ற இந்திய ஆட்டக்காரர் ஆடலாம். ஆடிய பின் அவர்களோடு அமர்ந்து உண்ணுதற்கில்லை, மரநிழலே அவர்க்கு இடம் என்பர். இவ்விழிவைப் பொறாத புச்சிபாபு நாயுடு 1888-இல் இந்தியர்க்கெனச் சென்னை ஐக்கியக் கிளப்பை நிறுவினார். தாம் 1908-இல் மறைவதற்குள், வெள்ளையரோடு இந்தியர் ஒத்த நிலையில் எதிர்நின்று ஆடும் போட்டிக்கும் வழிசெய்தார். பந்தையும் மட்டையையும் கொண்டே அவர் விடையிறுத்தார்.

அக்கிளப்புகளுக்குள் தமிழுடை அறவே இல்லாமலும் இல்லை. வெள்ளையனுக்குக் குடிவகையும் உணவும் ஏந்தி வந்த ஊழியனின் தலையில் தலைப்பாகை இருந்தது. இடையில் கச்சையும் இருந்தது. உணவு ஏந்தும் உடம்பில் இருந்தால் அவ்வுடை அழகு. இருக்கையில் அமரும் உடம்பில் இருந்தால் இழிவு. இதனை எண்ணிப் பார்ப்பவர்க்கு உடைவிதி என்பது துணியைப் பற்றியதன்று என்பது விளங்கும்.

வெள்ளையன் போனான். தோலின் நிறத்தைச் சொல்லிக் கதவடைத்தல் அதன்பின் இயலாதாயிற்று. கதவோ நின்றது, கதவைக் காப்பதில் இன்பம் கண்டவரும் இருந்தனர். நிறம் என்றிருந்த இடத்தில் உடை என்று எழுதிக் கொண்டனர். கோட்டும் கழுத்துப்பட்டையும் மூடுகாலணியும் அணிந்தவன் வெள்ளையனைப் போன்றவன். அவனுக்குக் கதவு திறக்கும். வேட்டியும் செருப்புமாக வருபவன் பழைய 'நேட்டிவ்', அவனுக்குத் திறவாது. இதில் வெட்கத்திற்குரிய செய்தி, விதியைக் காத்தவரும் தமிழர், தடுத்தவரும் தமிழர், தடுக்கப்பட்டவரும் தமிழர் என்பதே. காந்தியார் 1921-இல் மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறினார். 1931-இல் அவ்வுடையோடேயே இலண்டன் அரண்மனையில் ஆங்கில மன்னரைக் கண்டார். ஆங்கில மன்னனின் வாயில் ஏற்றுக்கொண்ட துணியை, எண்பத்து மூன்றாண்டு கழிந்தபின் சேப்பாக்கத்து வாயில் ஏற்கவில்லை!

"இது தனியார் இடம், உறுப்பினர் கூடி வகுத்த விதி, வேண்டாதவர் வாராதிருக்கலாமே" என்பர் கிளப்புக்காரர். இவ்வழக்குரை அவர்கள் கண்டதன்று. அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் உண்மையான தனியார் கிளப்புகளுக்கு விலக்கு அளித்தது. உடனே ஆர்க்கன்சா மாநிலத்து நீராட்டப் பூங்கா ஒன்று தன்னைக் கிளப்பென்று அழைத்துக் கொண்டு, வந்த வெள்ளையர்க்கெல்லாம் இருபத்தைந்து சென்றுக்கு உறுப்பினர் சீட்டு விற்றது. கறுப்பர்க்கு மட்டும் 'இடம் நிறைந்துவிட்டது' என்றது. அது கிளப்பன்று, வெறும் சூழ்ச்சி என்று 1969-இல் அந்நாட்டு உச்சநயன்மன்றம் தீர்த்தது. இலண்டன் கிழக்குப் பகுதியில், இன்று தமிழர் கடைகளும் முருகன் கோயிலும் உள்ள ஈசுட்டாமில், கட்சிக் கிளப்பு ஒன்று இந்தியர் ஒருவரைச் சேர்க்க மறுத்தது. அவர் அக்கட்சியைச் சேர்ந்தவர்தாம். அவருடைய நிறமும் கருதத்தக்கதே என்று கிளப்பின் தலைவர் வெளிப்படவே கூறினார். 1973-இல் பிரித்தானியப் பெருமக்களவை, அந்நாளைய இனவுறவுச் சட்டம் தனியார் கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று கிளப்பின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயின் மூன்றே ஆண்டுகளில், 1976-இல், இருபத்தைந்தும் அதற்கு மேலும் உறுப்பினரைக் கொண்ட கிளப்புகளையும் பிணிக்கும் புதுச்சட்டம் அங்கே வந்தது.

இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, பொதுக்கேளிக்கை இடம் ஆகியவற்றில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காட்டி எவரையும் தடுத்தலாகாது என்கிறது. உடை என்னும் சொல் அப்பட்டியலில் இல்லை. கிளப்பு என்னும் சொல்லும் இல்லை. அவ்விரு சந்துகளின் வழியாகத்தான் வேட்டித்தடை நுழைந்து வாழ்ந்தது. மேலும் சேப்பாக்கத்து அரங்கு நிற்பது தமிழக அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில். பொதுமக்கள் நிலத்தின்மேல் நின்றுகொண்டு, பொதுமக்கள் உடுக்கும் உடைக்கு இங்கு இடமில்லை என்பது எவ்வகைத் தனியுரிமை?

கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. அன்றைய முதலமைச்சர் செயலலிதா சட்டமன்றத்தில் இதனைக் கண்டித்துச் சட்டம் வருமென்று அறிவித்தார். 2014 ஆகத்துத் திங்களிலேயே அச்சட்டம் நிறைவேறியது. வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ அணிந்தவரைக் கிளப்பு முதலிய பொது இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 உருபா வரை தண்டம், உரிமம் நீக்கம் என்று அது கூறுகிறது. தமிழன் தன் உடையைத் தன் நாட்டில் உடுத்தற்குத் தண்டனைச் சட்டம் துணைவர வேண்டியதாயிற்று. ஆயினும் வந்தது நன்றே.

இவ்வளவில் மகிழ்ந்து அமைதல் செட்டிநாட்டு மண்ணில் வாழ்வார்க்குத் தகாது. இன்றைய சிவகங்கை மாவட்டமும் அடங்கியிருந்த அந்நாளைய இராமநாதபுர மாவட்டத்தில், 1930-ஆம் ஆண்டு திசம்பரில், ஆதிக்கச் சாதியார் ஆதித்திராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராயிருந்த அட்டன் அவற்றைத் தம் நூலில் பதிந்துள்ளார். ஆடவர் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது, சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு இடலாகாது, பெண்டிர் மேலுடம்பை மறைக்கலாகாது, பொன்னும் வெள்ளியும் பூணலாகாது, மண்கலமன்றி வேறு கலம் புழங்கலாகாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தவசம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. அடுத்த ஆண்டு அவ்வெட்டும் பதினொன்றாக வளர்ந்தன. சேப்பாக்கத்தில் வேட்டி கட்டியவன் தடுக்கப்பட்டான். இம்மண்ணிலோ வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டியவன் அடிக்கப்பட்டான். முன்னதற்கு வெள்ளையனைக் குறைகூறலாம். பின்னதற்கு எவனைக் குறைகூறுவது?

வேட்டியைத் தமிழர் உடை என்று முழங்குவோர், எல்லாத் தமிழர்க்கும் அஃது உரியதாயிருந்ததா என்று தம் ஊரிலேயே கேட்டறிதல் வேண்டும். முதியோர் சிலர் தம் தந்தையர் வாய்க் கேட்டதை இன்னும் நினைவில் வைத்திருப்பர்.

கிளப்புகளைப் பொறுத்தவரை, செய்யத்தக்கது எளிது. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப்படியைப் பெரிய எழுத்தில் பலகையாக எழுதி ஒவ்வொரு கிளப்பின் வாயிலிலும் அரசு மாட்டச் செய்யலாம். அரசு நிலத்தில் நிற்கும் கிளப்புகளின் குத்தகையைப் புதுப்பிக்குமுன், யாரைச் சேர்க்கிறார்கள், யாரை எதன்பொருட்டு மறுக்கிறார்கள் என்னும் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கலாம். பலகை மாட்டும் பணியைச் சேப்பாக்கத்திலிருந்தே தொடங்கட்டும். அங்கே கானாடுகாத்தான் தமிழரின் பெயர் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது.