குறட்டையை எண்ணும் இரவு

எங்கள் உப்புக்குளத்தில் யாரும் குறட்டை விட்டால், "அலுப்பில அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை" என்று விட்டுவிடுகிறோம். குறட்டை சட்டென நின்று, மூச்சும் நின்று, திணறி மீள்வதை யாரும் எண்ணுவதில்லை. அதை எண்ணத்தான் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்துச் செய்யும் நித்திரைப் பரிசோதனை. பயம் வேண்டாம், அதில் நோவு இல்லை. அன்று மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி குடிக்கக்கூடாது. முழுகியபின் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. வைத்தால் வயர் ஒட்டாது. தலை, கண்ணோரம், நாடி, நெஞ்சு, கால் எங்கும் வயர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, மூக்கடியில் மெல்லிய குழாய், விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப். இடையில் எழும்ப வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், கழற்றிவிடுவார்கள். வீட்டில்போல நித்திரை வராதுதான். சில மணிநேரம் கண்ணயர்ந்தாலே பெரும்பாலும் போதும். 10 விநாடியாவது மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 தடவையைத் தொட்டால் கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமை. அதற்கும் வழியுண்டு: 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்த முகமூடி. இரவில் கடலுக்குப் போகிறவர்கள் தாங்கள் படுக்கும் நேரத்தை முதலே வைத்தியரிடம் சொல்லுங்கள். இப்படி இரவு நித்திரை குழம்பிப் பகலில் கண் சொருகும் மனிதரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள், பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். படகில் கண்ணயர்வது உயிரோடு விளையாட்டு.