உட்கார விடுங்கள்!

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்து விழுகின்றன. கடைகளில் கூட்டம் முட்டி மோதுகிறது. அந்தக் கூட்டத்துக்குப் புடவை எடுத்துப் போடும் பெண்களோ, கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது!

1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க, 2021 செப்டம்பரில் சட்டசபைக்கு மசோதா வந்தது. கேரளத்துக்கு அடுத்து இதைச் செய்த மாநிலம் நாம்தான். மார்தட்டிக்கொண்டோம். தட்டியதோடு சரி.

இந்த வாரம் சென்னையின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் கண்ட காட்சி இது. சுவரோரம் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். நான்கின் மேலும் பிரிக்காத புடவைக் கட்டுகள். பக்கத்திலேயே இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள். அந்தப் பக்கம் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. "கொஞ்சம் உட்காரேன்மா" என்றால், "சூப்பர்வைசர் திட்டுவாரு சார்" என்கிறாள்.

ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்ட ஸ்டூல் இருக்கிறது. உட்காரத்தான் அனுமதி இல்லை. இதைச் சட்டத்தை மதிப்பது என்று எந்த முதலாளியாவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

நின்று நின்றே கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. பாத்ரூம் போவதற்கும் அனுமதி கேட்கவேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், நீர்க்கடுப்பு வருகிறது. லீவு எடுத்தால் சம்பளத்தில் பிடித்தம். வைத்தியச் செலவு தனி. மாதம் பிறந்தால் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து ஊரில் தம்பியின் கல்லூரி ஃபீஸ் இருக்கிறது, அடகுக்கடை வட்டி இருக்கிறது. கால் போனால் இத்தனையும் போகும்.

2010-ல், இதே ஜவுளிக்கடை ஊழியர்களின் கதையைச் சொன்ன வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள்தானே நாம்?

கேரளத்தில் இந்த உட்காரும் உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' அமைத்தார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை; நாற்காலி அதற்கப்புறம்தான். வருடக்கணக்கில் போராடி, 2018-ல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். நம் கடைப் பெண்களும் போராடட்டுமே என்று சொல்வது சுலபம். பலருக்குத் தங்குமிடம் கடை ஹாஸ்டல். வாயைத் திறந்தால் வேலையும் போகும், அன்றிரவு படுக்க இடமும் போகும். அதனால்தான் அவர்களுக்காக அரசு கடைக்குள் போயாக வேண்டும் என்கிறோம்.

2021-லிருந்து வீடு தேடிச் சென்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறது இந்த மாநிலம். நல்ல காரியம். நோய் வந்தபின் வீட்டுப் படி ஏறும் அரசு, நோயை உண்டாக்கும் கடையின் படியையும் ஏறவேண்டாமா?

ஏறும்போது கழிப்பறையையும் பாருங்கள். எத்தனை மாடிக் கடையில், எத்தனை பெண்களுக்கு, எந்த மாடியில் இருக்கிறது? பூட்டா, திறப்பா? கடைவீதிகளில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறோம். இனியும் எழுதுவோம்.

ஆடி போனால் அடுத்து தீபாவளிக் கூட்டம். அதற்குள் தொழிலாளர் துறை கடை கடையாகப் போய், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை இருக்கை காலியாக இருக்கிறது என்று எண்ணட்டும். அமைச்சர் அந்தக் கணக்கைக் கடைப் பெயரோடு சட்டசபையில் வைக்கட்டும்.