ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எடை கூடுவது ஏன்? சாப்பாடு மட்டும்தான் காரணமா?

"பையன் குண்டாகிட்டே போறானே, சாப்பாட்டைக் குறைக்கக் கூடாதா?" ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனா, எல்லாமே சாப்பாட்டுத் தட்டில் இல்லை.

கடும் ஆவேசம், தன்னைத்தானே அடித்துக்கொள்வது போன்றவற்றுக்கு டாக்டர்கள் தரும் ரிஸ்பெரிடோன் மருந்து, பசியைத் தூண்டிவிடும். அமெரிக்காவில் 101 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. எட்டே வாரத்தில், இந்த மருந்து எடுத்தவர்களுக்கு சராசரியாக 2.7 கிலோ கூடியது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.8 கிலோதான்.

அப்போ நிறுத்திடலாமா? அங்கேதான் சிக்கல். அதே ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு ஆவேசம் நன்றாகவே குறைந்தது. போலி மாத்திரையில் வெறும் 12 சதவீதம். 2006-ல் அமெரிக்கா இதற்கு அனுமதியும் கொடுத்தது.

மொறுமொறுப்பாக இருந்தால்தான் சாப்பிடுவேன் என்ற பிடிவாதம், விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாதது என மற்ற காரணங்களும் உண்டு.

மருந்து தொடங்கும் முன்பே எடையைக் குறித்து வையுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். எடை வேகமாக ஏறினால் அளவைக் குறைக்கலாமா, மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இந்த எடையைக் கட்டுப்படுத்த உதவுவதாக 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதையும் டாக்டர்தான் முடிவு செய்யணும்.