ரிவால்வரின் விசையை இளக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். டீச்சருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகன் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு கேள்வி போட்டான். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். நானும் இரண்டு வாரம் படித்துப் பார்த்துவிட்டு, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பழைய மாணவர் ஒருவரிடமும் கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அங்கே வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உங்களிலும் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

அவன் வாங்கியிருப்பது சின்ன ரிவால்வர், ஐந்து தோட்டா பிடிக்கும். வெளியே சுத்தியல் தெரியாத வகை. விசை மிகவும் கனமாக இருக்கிறது, மணிக்கட்டு வலி உள்ள மருமகளால் இழுக்கவே முடியவில்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றி இளக்கிவிடலாமா என்பது கேள்வி. ஸ்பிரிங் செட் கடையில் கிடைக்கிறதாம், வீட்டிலேயே மாற்றிக்கொள்ள வீடியோவும் இருக்கிறதாம். "அரை மணி நேர வேலை பெரியம்மா" என்கிறான்.

கரும்பலகை இல்லாமல் விளக்கப் பார்க்கிறேன். பழைய சினிமாவில் வில்லன் கட்டை விரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுடுவான் அல்லவா? அப்படி இழுத்து வைத்துவிட்டால் அதற்குப் பிறகு விசைக்கு வேலை குறைவு. மூன்று நான்கு பவுண்டு, அதாவது ஒன்றரை கிலோ சுமாருக்கு அழுத்தினாலே வெடித்துவிடும். 'டபுள் ஆக்‌ஷன் ஒன்லி' வகையில் அந்த வசதியே கிடையாது. ஒரே இழுப்பில் தோட்டா உருளை சுற்ற வேண்டும், சுத்தியல் பின்னால் போக வேண்டும், பிறகு விடுபட்டு அடிக்க வேண்டும். அத்தனையையும் ஆள்காட்டி விரல் ஒன்றே செய்கிறது. அதனால்தான் பத்து, பன்னிரண்டு பவுண்டு கனம். பன்னிரண்டு பவுண்டு என்றால் சுமார் ஐந்தரை கிலோ.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இந்தச் சின்ன ரிவால்வரின் எடையே 425 கிராம் அளவில்தான். அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதிலேயே ஐந்தரை கிலோ விசையில் இழுத்தால் ஆடாமல் என்ன செய்யும்? குறி விலகும். தங்கை மகனின் புகார் பொய்யல்ல.

இந்தக் கனத்தை யாரும் தெரியாமல் வைத்துவிடவில்லை. 1887லேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி சுத்தியலை உள்ளே மறைத்து இப்படி ஒரு ரிவால்வர் விற்றது. கைப்பிடியின் பின்பக்கம் ஒரு பட்டையையும் சேர்த்து அழுத்தினால்தான் வெடிக்கும். அதனால் 'எலுமிச்சை பிழிவான்' என்று பட்டப்பெயர். அப்பாவின் துப்பாக்கியை எடுத்து விளையாடிய ஒரு குழந்தைக்கு அடிபட்ட செய்தியைக் கேட்டுத்தான் டி.பி. வெஸ்ஸன் அதைச் செய்ய நினைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எந்த அளவுக்கு நிஜமோ, குழந்தையின் விரலுக்கு எட்டாத கனம் வேண்டும் என்ற எண்ணம் நிஜம்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் என்ஃபீல்டு ரிவால்வரின் சுத்தியல் கொம்பையே வெட்டிவிட்டு டபுள் ஆக்‌ஷன் மட்டும் ஆக்கினார்கள். டேங்கிக்குள் ஏறி இறங்கும்போது அந்தக் கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பது காரணம். ஆனால் கவனியுங்கள், அதே மாற்றத்தில் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் இளக்கினார்கள். ஆக, இளக்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்தது யார் என்பதுதான் வித்தியாசம். தயாரித்தவர்களே கணக்குப் பார்த்துச் செய்தார்கள். யூடியூப் பார்த்து சமையலறை மேஜையில் செய்யவில்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் காவலர்களின் பிஸ்டல்களுக்குப் பன்னிரண்டு பவுண்டு விசை வைத்திருந்தார்கள். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலைகாரனைக் காவலர்கள் சுட்டபோது, வழியில் போன ஒன்பது பேருக்குக் காவலர்களின் குண்டோ அதன் சிதறலோ பட்டுக் காயம். கனமான விசையால்தான் குறி தவறியது என்று அப்போது பலர் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2008இல், ராண்ட் நிறுவனத்தின் அறிக்கையும் இலகுவான விசையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. நியாயமான வாதம்தான். ஆனால் அவர்கள் கையில் இருந்தது தெருவில் தினமும் இடுப்பில் கிடக்கும் ஆயுதம். இது நாலு வயதுப் பேரன் ஓடி விளையாடும் வீட்டில் இருக்கப்போகிற ஆயுதம். இரண்டுக்கும் ஒரே விடை எழுத முடியாது.

ஸ்பிரிங்கை இளக்கினால் என்ன ஆகும்? சுத்தியல் மெதுவாக அடிக்கும். மெதுவாக அடித்தால் தோட்டாவின் அடியில் இருக்கும் ப்ரைமர் சில சமயம் பற்றாது. பத்து தோட்டா நன்றாக வெடித்துவிட்டு, ஆபத்து நேரத்தில் பதினோராவது 'டிக்' என்று சத்தம் மட்டும் போடலாம். விசையைத் திரும்ப முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கை இளக்கினால், விசை சரியாகத் திரும்பி வராமல் அடுத்த குண்டு தடைபடும். குக்கரில் விசில் சீக்கிரம் வரட்டும் என்று வெயிட்டை ராவித் தேய்ப்பீர்களா? மனைவியின் பாதுகாப்புக்கென்று வாங்கிய பொருளை அவளுக்காகவே நம்ப முடியாததாக ஆக்குவது என்ன கணக்கு?

அடுத்தது கோர்ட்டு. 1982 டிசம்பரில் மயாமியில் ஓவர்டவுன் பகுதியில் ஒரு காவலர் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்றார். ஊரே பற்றி எரிந்தது. வழக்கில் பெரிய சண்டை எதைப் பற்றி? அவர் சுத்தியலை இழுத்து வைத்திருந்ததால் விசை இலகுவாகி, அறியாமல் வெடித்ததா, அல்லது தற்காப்புக்காகத் தெரிந்தே சுட்டாரா என்பது பற்றி. 1984இல் அவர் விடுதலையானார். அந்தத் தீர்ப்பு சரியா என்பது வேறு விஷயம். பயிற்சி பெற்ற, துறையின் ஆதரவு உள்ள காவலருக்கே விசையின் கனம் வழக்காக வந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளை, தானே ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கியோடு கூண்டில் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? டெக்சாஸில் கவனக்குறைவாக வைத்த, தோட்டா நிரப்பிய துப்பாக்கி குழந்தையின் கையில் கிடைத்துவிட்டாலே அது தனிக் குற்றம். (நம் ஊரில் கேட்கவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொழிலாகப் பழுது பார்ப்பதே தப்பு.)

என்னைக் கேட்டால் அந்த வீட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்பேன். அதை அவனிடம் சொல்லியும் ஆயிற்று. இரவில் தனியாக இருக்கும் மனைவியை நினைத்து வாங்கினேன் என்கிறான். அந்தப் பயத்தை மன்னார்குடியில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நான் அளக்க முடியாது. ஆகவே வாங்கியதை என்ன செய்வது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விசையைத் தொடாதே. உனக்குக் கனமாக இருந்தால், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, உருளை காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஆபத்தில்லாத சுவரைப் பார்த்துத் தினமும் இருபது முறை இழுத்துப் பழகு. அதற்கென்றே போலித் தோட்டா விற்கிறார்கள். விரலுக்கும் பலம் வரும், இழுக்க இழுக்க உள்பாகங்களும் கொஞ்சம் வழவழப்பாகும். மருமகளுக்கு அது போதாது, மணிக்கட்டு வலி பயிற்சியால் போகாது. அவளுக்காகத்தான் துப்பாக்கி என்றால் அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கு. 2009இல் வந்த ரூகர் எல்.சி.ஆர். மாதிரியில் உராய்வைக் குறைக்கும் அமைப்பைக் கம்பெனியே வைத்திருக்கிறது, இழுப்பதற்கு லேசாக இருக்கும் என்கிறார்கள். எடை கூடிய எஃகு ரிவால்வர் கையில் குறைவாக ஆடும். கடையில் அவளையே இழுத்துப் பார்க்கச் சொல். எதை வாங்கினாலும் பூட்டுப் பெட்டி அதே நாளில் வாங்க வேண்டும், அடுத்த சம்பளத்தில் அல்ல.

கைமாற்றும்போது கொஞ்சம் பணம் போகும். அதைத்தான் அவன் யோசிக்கிறான், ஸ்பிரிங் மலிவு என்று. ஹூஸ்டன் பக்கம் இருக்கும் என் மாணவர்களில் யாராவது, பழையதை எடுத்துக்கொண்டு நியாயமான விலைக்கு மாற்றிக் கொடுக்கும் கடையோ, பெண்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் பயிற்சி இடமோ தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அவனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.